ஒரு சொல், ஒரு கிழங்கு

1949 ஜனவரி 19, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் முழுக்கப் பனி அப்பியிருக்கிறது. நேற்றே உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்திருக்க வேண்டும். வெட்டிய பக்கத்தால் கண்ணாடியைத் தேய்த்துக் காயவிட்டால் பனி ஒட்டாது. முழங்கால் வலியில் மறந்துபோனேன். ஊருக்கே சொன்னவள் நான், என் வீட்டு ஜன்னலில் பனி. ஷ்ப்ரின்சே பார்க்காமல் இருந்தால் சரி என்று நினைத்தேன்.

பார்த்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி, அவளுக்கு வேறு என்ன வேலை?

"என்ன ஹிண்டே அக்கா, பத்திரிகைக்காரி வீட்டு ஜன்னல்லயே பனியா? கெழங்கு தீந்துபோச்சா, வார்த்தை தீந்துபோச்சா?"

"ரெண்டும் நெலவறை நெறையக் கெடக்கு. ஒனக்கு எது வேணும்?" என்றேன். வாளியை ஆட்டிக்கொண்டு போனாள்.

பொறாமை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எட்டுப் பத்திரிகைத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் கோட்டைக் கழற்றும்போது கண்ணில் படும். போன வருடம் வசந்தத்தில் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வாராவாரம் வந்தவை. 'ஒரு சொல், ஒரு கிழங்கு' என்று தலைப்பு. யூதர்களான நாங்கள் வீட்டில் பேசும் யித்திஷ் சொல் ஒன்று, உருளைக்கிழங்கால் ஆகிற வீட்டுக் காரியம் ஒன்று. முதல் வாரம் ஷ்மாட்டே, அதாவது கந்தல். கிழங்கை வெட்டி உப்பில் தொட்டுத் துருப்பிடித்த கத்தியைத் தேய், பிறகு ஷ்மாட்டேயால் துடை. இரண்டாம் வாரம் நுட்னிக், தொணதொணத்தே ஆளைக் கொல்கிறவன். காய்ந்த கிழங்குத் தோலை அடுப்பில் எரித்தால் புகைபோக்கியில் பிடித்த கரி தானாக உதிரும், நுட்னிக் வாய்திறந்ததும் விருந்தாளிகள் ஒவ்வொருவராக உதிர்வதுபோல. அந்த உவமை என்னுடையது. கடைசி வாரம் நாஹெஸ். பெற்ற பிள்ளையாலும் பேரப்பிள்ளையாலும் நெஞ்சு நிறைகிறதே, அதற்குப் பெயர். அதோடு கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சிக் கழுத்துப்பட்டைக்குப் போடும் விதம்.

சொன்னது நான். எழுதியது என் பேத்தி ஃபெய்கே. ஒவ்வொரு துண்டின் கீழும் அவள் பெயர், முழுப்பெயர், அச்சில். பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தகப்பன் போரில் போனான், என் மகள் டைஃபஸ் காய்ச்சலில் போனாள். நான் வளர்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் வளர்த்த பிள்ளை பத்திரிகையில் எழுதுகிறாள். கண்ணேறு படாமல் இருக்கட்டும்.

ஜனவரி 23

ரொட்டி வரிசையில் கெட்ஸல் எனக்கு முன்னால் நின்றார். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர், வார்சாவிலிருந்து வந்தவர். விரல் நுனியெல்லாம் ஈயக் கறுப்பு, எந்தச் சோப்புக்கும் போகாது.

"அம்மணி, வீட்டுல கார்ட்டோஃபல் எல்லாம் சௌக்கியமா?"

"எங்க வீட்டுல கார்ட்டோஃபல் கெடையாது. புல்பேதான் இருக்கு."

வரிசையே சிரித்தது. போன வருடச் சண்டை இது. எங்கள் பக்கத்தில் கிழங்குக்குப் புல்பே என்றுதான் பெயர். என் தாய் சொன்னாள், அவள் தாய் சொன்னாள். இந்த மனிதர் எட்டு வாரமும் புல்பேயை எடுத்துவிட்டுத் தம் ஊர் வழக்கப்படி கார்ட்டோஃபல் என்று கோர்த்துவிட்டார். அச்சகத்துக்கே போய்க் கத்தினேன். "அச்சுல ஏறணும்னா குளிச்சு முழுகி வரணும் அம்மணி, ஒங்க புல்பே மண்ணோட வருது" என்றார். கிழங்கு மண்ணோடு வராமல் மணலோடா வரும்?

ஜனவரி 28

பத்திரிகை ஆசிரியர் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லையாம். சளியாக இருக்கும். வேகவைத்த கிழங்கின் ஆவியைப் போர்வைக்குள் பிடித்தால் சரியாகும். ஐந்தாம் வாரம் அதைத்தானே போட்டோம்.

பிப்ரவரி 2

சளி இல்லை.

தண்ணீர்க் குழாயடியில் ஷ்ப்ரின்சே சொன்னாள். வாளியை நிரப்புகிற சத்தத்துக்கு நடுவில், என் முகத்தைப் பார்க்காமல். "ஆசிரியர ரகசியப் போலீசு கூட்டிட்டுப் போயிட்டாங்க. நூலகத்துலயிருந்து யித்திஷ் பொஸ்தகத்தையெல்லாம் வண்டியில ஏத்துறாங்களாம். அக்கா, ஒங்க சொவத்துல இருக்கே, அதப் பாத்துக்கோங்க." இந்த முறை பொறாமை இல்லை அவள் குரலில்.

வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன். துண்டுகளைக் கிழித்தால் வரவில்லை. கிழங்கு மாவுப் பசை, நானே காய்ச்சியது, நன்றாக ஒட்டும் என்று பீற்றிக்கொண்ட பசை. கத்தியால் சுரண்டினேன். சுண்ணாம்போடு பெயர்ந்தது. ஒவ்வொன்றிலும் அவள் பெயரைத்தான் முதலில் சுரண்டினேன். இப்போது சுவரில் எட்டு வெள்ளைக் கட்டங்கள் இருக்கின்றன. துண்டுகள் இருந்ததைவிட இவை பளிச்சென்று தெரிகின்றன. கோட்டுகளை அதன்மேல் மாட்டி மறைத்தேன்.

ஒன்றை எழுத வேண்டும். யாரிடமும் சொல்லாதது.

ஃபெய்கே தன் பெயர் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "ஒரு வாசகின்னு போட்டாப் போதும் பாட்டி." நான்தான் அவளுக்குத் தெரியாமல், நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். முழுப்பெயரும் வேண்டும் என்றேன். "அவசியமா பாட்டி?" என்று அந்த மனிதர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவை! "பேரில்லாத பிள்ளையத் தெருப்பிள்ளைன்னு சொல்லுவாங்க" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

தவளை தன் வாயால் கெடும். நான் என் வாயால் பேத்தியைக் கெடுத்தேனா?

பிப்ரவரி 3

நண்பகலில் கதவு தட்டப்பட்டது. இந்த நோட்டை மாவுப் பானைக்குள் செருகிவிட்டுத் திறந்தேன். தபால்காரர். அடுத்த வீட்டுக் கடிதம்.

பிப்ரவரி 11

ஃபெய்கே கல்லூரியிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். சூப்பை வைத்தேன். தொடவில்லை.

"இன்னைக்குக் கூட்டத்துல என் பத்தியப் படிச்சாங்க பாட்டி. ரஷ்ய மொழியில, சத்தமா."

"எந்த வாரத்த?"

"எல்லா வாரத்தையும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "துருவுக்குக் கிழங்கு, சளிக்குக் கிழங்கு, தீக்காயத்துக்குக் கிழங்கு, கஞ்சிக்குக் கிழங்கு. அப்ப இந்த நாட்டுல சோப்பு இல்லையா, மருந்து இல்லையான்னு கூட்டத் தலைவரு கேக்குறாரு. நம்ம கடையில ஒண்ணுமே கெடைக்காதுன்னு சொல்லத்தான் எழுதினேனாம். அவதூறாம். அப்புறம் சொல்லெல்லாம் பழைய யூதச் சந்துச் சொல்லாம், புது மனுசங்களுக்கு எதுக்குன்னு."

"யாரும் ஒனக்காகப் பேசலையா?"

"எல்லாரும் அவங்கவங்க பூட்ஸையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நல்லாப் பளபளன்னு இருந்துச்சு பாட்டி. கிழங்கு தேச்சிருப்பாங்க."

அப்போதுதான் இருவரும் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அவள் அழுதாள். நான் சூப்பைச் சூடாக்குகிற சாக்கில் திரும்பி நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஆசிரியரிடம் மட்டும் எவ்வளவு வந்தது.

பிப்ரவரி 12

இந்த நோட்டை எரிக்க வேண்டும். நாளை எரிக்கிறேன். இப்போதைக்கு நிலவறையில், கிழங்குக் குவியலுக்கு அடியில்.

பிப்ரவரி 15

விசாரணைச் சீட்டு வந்துவிட்டது. இருபத்துநாலாம் தேதி காலை பத்து மணிக்கு ஃபெய்கே ரகசியப் போலீசின் சாம்பல் நிறக் கட்டடத்துக்கு வர வேண்டும். கையெழுத்துப் பிரதிகள் இருந்தால் கொண்டுவர வேண்டும்.

சொல்லிவிட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னேன். "ஒன் பேரப் போடச் சொன்னது நான்தான்டீ. நானே போய்ச் சொன்னேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியும் பாட்டி. கெட்ஸல் அன்னைக்கே சொல்லிட்டாரு. ரெண்டு நாளு ஒங்கூட நான் பேசல, ஞாபகம் இருக்கா? பல் வலின்னு சொன்னேனே."

"அப்புறம் ஏன் பேசின?"

"நீ ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ விரல வச்சு என் பேரப் படிச்சிக்கிட்டிருந்த. எத்தனை தடவைன்னு எண்ணினேன். பதினொண்ணு."

வெங்காயம் உரித்தேன்.

பிப்ரவரி 16

பயத்துக்கு எங்கள் மொழியில் மோய்ரே என்று பெயர். போன வருடம் ஒன்பதாவதாக இதைப் போடலாமா என்று ஃபெய்கே கேட்டாள். "பயத்துக்கு என்னடீ கெழங்கு வைத்தியம் இருக்கு? வேண்டாம்" என்றேன். இன்று நாள் முழுக்க அதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கை ஈரமாகவே இருக்கிறது. மாவு பிசைந்தால் மாவு ஒட்டுகிறது.

பிப்ரவரி 17

இதை எழுதக் கூடாது. ஆனால் எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும்.

கிழங்குக்கு இன்னொரு உபயோகம் உண்டு. ஃபெய்கேக்குச் சொன்னதில்லை, என் மகளுக்கும் சொன்னதில்லை. 1920ஆம் வருடப் போரில், நாங்கள் பழைய ஊரில் இருந்தபோது, ஒரு பக்கம் அவர்கள் படை, மறுபக்கம் இவர்கள் படை. ஆற்றைக் கடக்க முத்திரை குத்திய தாள் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள்தான் கொடுத்தார்கள், எங்களிடமோ என் தங்கையும் இருந்தாள். என் வீட்டுக்காரர் லெய்ஸர் ஒரு கிழங்கை வேகவைத்தார். சூடு இருக்கும்போதே குறுக்கே வெட்டினார். வெட்டிய முகத்தை முத்திரையின்மேல் வைத்து மூச்சுப் பிடித்து அழுத்தி எடுத்தார். கிழங்கில் முத்திரை தலைகீழாக ஏறியிருந்தது. அதை வெற்றுத் தாளில் வைத்தார். நேராக வந்தது. தங்கை ஆற்றைக் கடந்தாள். கிழங்கை அன்றே தின்றுவிட்டோம்.

ஃபெய்கேயின் கையெழுத்துப் பிரதிகள் எட்டும் பெட்டியில் இருக்கின்றன. அச்சானதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் பத்திரிகையின் ஊதா முத்திரை.

எனக்கும் எழுதத் தெரியும். ஐந்தாம் வகுப்பு.

பிப்ரவரி 18

ஃபெய்கே கல்லூரிக்குப் போனதும் உட்கார்ந்தேன். எட்டையும் என் கையால் எழுதினேன். அவள் எழுதிய தாள்போலவே தாள், அவள் பெட்டியிலிருந்து எடுத்தது. நாஹெஸ் எழுதும்போது மட்டும் கை நின்றுவிட்டது. 'என் பேத்தியின் கழுத்துப்பட்டை இந்தத் தெருவிலேயே விறைப்பானது' என்று நான் சொன்னபடியே அவள் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிட்டேன்.

பிறகு கிழங்கு. மையெல்லாம் காய்ந்துபோயிருந்தது. ஏழு முத்திரைகள் வரவே இல்லை, தாள்தான் கெட்டது. எட்டாவதாக எடுத்த முதல் வாரத் தாளில் மை தடிப்பாக விழுந்திருந்தது. அது வந்தது. அந்த ஒன்றை வைத்தே எட்டுத் தாளிலும் வரிசையாக அழுத்தினேன். வட்டம், உள்ளே எழுத்து, நடுவில் ஏதோ எண். முத்திரை முத்திரைதானே.

அவள் எழுதியவற்றை அடுப்பில் போட்டேன். மேலே காய்ந்த தோல் ஒரு கூடை. புகைபோக்கியில் கரி உதிர்கிற சத்தம் கேட்டது. பேத்தியின் எழுத்து எரிகிறது, புகைபோக்கி சுத்தமாகிறது. கிழங்கைத் தின்றேன். மை கசந்தது.

பிப்ரவரி 22, செவ்வாய்

அந்தக் கட்டடத்துக்கு நானே போய் வந்துவிட்டேன்.

நல்ல சால்வை. எட்டுத் தாள் மடியில். சந்தைக்குப் போகிறேன் என்று ஃபெய்கேயிடம் பொய். வாசலில் நின்றவன், "பாட்டி, யாரப் பாக்கணும்? இங்க யாரும் தானா வர்றதில்ல" என்றான். "நான் வந்திருக்கேன்" என்றேன்.

ஓர் அறை. மேசைக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி, ரஷ்யன், எனக்கு மகனாகும் வயதுகூட இருக்காது. பக்கத்தில் சுவரோரம் நாற்காலியில் இருந்தது கெட்ஸல்! யித்திஷ் தாள்களைப் படித்துச் சொல்ல அவரை வரவழைத்து வைத்திருக்கிறார்கள். ஊரில் வேறு யார் கிடைக்கவில்லை? அவர்தானே அந்த எட்டையும் கோர்த்தவர். ஃபெய்கேயின் கையெழுத்தை வாரம்தோறும் கண்ணுக்கு முன் வைத்துக் கோர்த்தவர்.

திரும்பிப் போக முடியாது. தாள்களை மேசைமேல் வைத்தேன்.

"நான் எழுதினது. என் பேத்தி எழுதல."

அதிகாரி சிரித்தான். "எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சு."

"அப்புறம் பேத்தி பேரு எப்படி வந்துச்சு?"

"நான்தான் போடச் சொன்னேன். என் பேத்தி பத்திரிகையில எழுதுறான்னு ஊரு சொல்லணும்னு ஆசை. அவளக் கேக்கல. பெருமை பிடிச்ச கிழவி நான், இந்தத் தெருவுல யார வேணும்னாலும் கேளுங்க."

பொய் சொல்லப் போனவள் பாதி உண்மையைச் சொல்லிவிட்டேன். அதனால்தான் குரல் நடுங்கவில்லைபோல.

"சோப்பு கெடைக்கலன்னு எழுதியிருக்கீங்களே?"

"சோப்பு கெடைக்குது. ஆனா துருவுக்குச் சோப்பு ஆவாது. எங்கம்மா ஜார் காலத்துலயே கெழங்குலதான் தேப்பா. குத்தம்னா ஜார் மேல போடுங்க."

அவன் வாய் ஓரம் துடித்தது. சிரிப்பா, எரிச்சலா, தெரியவில்லை. ஒரு தாளும் பேனாவும் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னான். 'நான் ஹிண்டே, எனக்கு எழுதத் தெரியும்' என்று எழுதினேன். கடைசி எழுத்து தாளைவிட்டே வெளியே போய்விட்டது.

பிறகு அவன் எட்டுத் தாளையும் மேசைமேல் பக்கம் பக்கமாகப் பரப்பினான்.

அப்போதுதான் பார்த்தேன். முத்திரைக்கு நடுவில் இருந்த எண் தேதி. ஏப்ரல் 21. ஏப்ரல் 21. ஏப்ரல் 21. எட்டிலும். வாரம் ஒன்றாக வந்த எட்டுக்கும் ஒரே நாள்! அது மட்டுமில்லை, முதலாவது பளிச்சென்று இருக்கிறது, அடுத்தது அதைவிட மங்கல், எட்டாவது கண்ணுக்கே தெரியாத ஊதா. ஒரு கிழங்கு எத்தனை தடவைதான் தாங்கும்? முத்திரை என்றால் கசாப்புக்காரன் இறைச்சியில் குத்துகிற முத்திரை மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். ஆறாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பார்களோ என்னவோ.

காதுக்குள் ஆறு ஓடுகிற சத்தம். ஃபெய்கேயும் போனாள், நானும் போனேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க கோத்தது இந்தத் தாளுகளப் பாத்துத்தானா?" என்று கெட்ஸலைக் கேட்டான் அதிகாரி.

கெட்ஸல் எழுந்து வந்தார். குனிந்தார். கறுத்த விரலை முதல் முத்திரையின்மேல் வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. மெதுவாக எட்டாவதுவரை போனார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, வேகவைத்த கிழங்கு உட்பட.

"இதேதான்" என்றார். "இந்தக் கோழிக் கிறுக்கலப் படிச்சுப் படிச்சே என் கண்ணு பாதி போச்சு. வரிக்கு வரி புல்பே, புல்பேன்னு. திருத்தித் திருத்திக் கை ஓஞ்சுபோச்சு."

"எல்லாத்துலயும் ஒரே தேதி இருக்கே?"

"ஒரே நாளுல கட்டாக் கொண்டாந்து என் மேசைமேல தள்ளிட்டுப் போச்சு இந்தம்மா. வாரத்துக்கு ஒண்ணா நாங்க போட்டோம். முத்திரையப் பாருங்க, போகப் போக மங்குது. மை ஊத்தக்கூட ஆளில்லாத ஆபீசு. பேத்தியா? அந்தப் பொண்ணு அச்சகத்துப் பக்கம் வந்ததே இல்ல."

எத்தனை தடவை வந்திருக்கிறாள்! அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய தேநீரைக் குடித்திருக்கிறாள்.

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். கெட்ஸலும் போட்டார். வெளியே வந்தபின் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இதுவரை யாரிடமும் நான் கையேந்தியது இல்லை. கேட்காமலே கொடுத்துவிட்டார் அந்த வார்சாக்காரர்.

பிப்ரவரி 23

ஃபெய்கேயிடம் சொன்னேன். பெரிய சண்டை.

"நான் எழுதினத நான் எழுதலன்னு சொல்லணுமா? என் கையெழுத்த எரிச்சிட்டியா? யாரக் கேட்டு எரிச்ச?"

"ஒன் பேரப் போடும்போதும் யாரையும் கேக்கல. எடுக்கும்போதும் கேக்கல."

"நீ மாறவே மாட்ட பாட்டி."

"மாட்டேன். ஆனா நீ நாளைக்கு வேற எதுவும் சொன்னா கெட்ஸலும் சேந்து போவாரு. அத யோசி."

முகத்தைச் சுவர்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 24

பத்து மணிக்குப் போனாள். பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. தாவீதின் சங்கீதத்தை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பாதியில் மறந்துபோனால் முதலிலிருந்து.

இரண்டேகாலுக்கு வந்தாள்.

"என்ன சொன்ன?"

"என் பாட்டிக்குப் பெருமை ஜாஸ்தின்னு சொன்னேன்." கோட்டை மாட்டினாள், அந்த வெள்ளைக் கட்டங்கள்மேல். "அத ஒடனே நம்பிட்டாங்க."

கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதான்!

மார்ச் 3

குடியிருப்புக் கூட்டத்தில் என்னை மேடையில் நிறுத்தினார்கள். எழுதிக்கொடுத்ததைப் படிக்கச் சொன்னார்கள். "நான் பின்தங்கிய, அறிவில்லாத கிழவி. பேராசையால் பேத்தியின் பெயரைத் திருடினேன்." படித்தேன். அறிவில்லாத என்ற சொல்லை விழுங்கிவிட்டு மேலே போனேன். திரும்ப முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள்.

கீழே இறங்கினபோது யாரும் பக்கத்தில் வரவில்லை. ஷ்ப்ரின்சேதான் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தாள். "நல்லாத் தெளிவாப் படிச்சீங்க அக்கா" என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 9

கெட்ஸலைக் கொண்டுபோய்விட்டார்கள். அச்சகத்திலிருந்தே, மேலங்கி இல்லாமல்.

மார்ச் 10

என்னாலா? முத்திரை தெரிந்துவிட்டதா? அப்படியென்றால் எங்களையும் அழைத்திருப்பார்கள். அச்சகத்தில் இன்னும் மூன்று பேரும் போயிருக்கிறார்களாம். அப்படியானால் என்னால் இல்லை. இப்படி மாற்றி மாற்றி நாள் முழுக்க.

ஏப்ரல் 20

ஃபெய்கேக்கு மர அறுவை மில்லில் வேலை கிடைத்தது, பலகை அடுக்குவது. கையெல்லாம் சிராய்ப்பு. சாயங்காலம் கிழங்கைத் துருவி வைத்துக் கட்டினேன். "அவதூறு பண்றியா பாட்டி? மருந்து இல்லையா?" என்றாள். அவள் கேலி திரும்பி வந்துவிட்டது.

மே 17, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கட்டடத்தின் பின்பக்க ஜன்னலில் உள்ளே இருப்பவர்களுக்குப் பொட்டலம் வாங்குகிறார்கள், இரத்த உறவாக இருந்தால் மட்டும். வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடு, இங்கேயே இருக்கிறார் என்று அர்த்தம். வாங்காவிட்டால் அர்த்தம் கேட்கக் கூடாது.

கெட்ஸலுக்கு யாரும் இல்லை. வார்சாவில் இருந்த அவர் குடும்பத்தில் யாரும் போரில் மிஞ்சவில்லை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஜன்னலுக்குள் இருந்தவன் கேட்டான்.

"யாரு ஒங்களுக்கு?"

"தம்பி."

"குடும்பப் பேரு வேறயா இருக்கே?"

"அம்மா ஒருத்தி. அப்பா ரெண்டு."

பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். என் அம்மா, மானத்துக்குப் பேர்போனவள், கல்லறையில் புரண்டு படுத்திருப்பாள். மன்னித்துக்கொள் அம்மா.

வாங்கிக்கொண்டான். ரொட்டி, வெங்காயம், அவித்த கிழங்கு நாலு, பல் ஆடாமல் இருக்கப் பச்சைக் கிழங்கு ரெண்டு. வாங்கிக்கொண்டான்!

மே 31

இரண்டாவது பொட்டலமும் வாங்கினார்கள். பழைய பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடியில் ரொட்டித் தூள். உதறித் துவைக்க வேண்டும்.

ஜூன் 1

பையை உதறினபோது தூளோடு ஒரு சுருங்கிய சில்லு விழுந்தது, கட்டைவிரல் நக அளவு. பச்சைக் கிழங்கு காய்ந்துபோனது என்று குப்பையில் போடப்போனேன். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. நகத்தால் தோண்டினது மாதிரி கோடுகள்.

தண்ணீரில் ஊறப்போட்டேன். மத்தியானத்துக்குள் உப்பிக்கொண்டது. வெளிச்சத்தில் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. ஃபெய்கே வேலையிலிருந்து வந்து பார்த்தாள். கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், பேசாமல் போய் அவித்த பீட்ரூட்டை வெட்டிக்கொண்டு வந்தாள். சில்லை அதில் ஒற்றி என் கையில் கொடுத்தாள்.

"அழுத்து பாட்டி. அவரு கையி எழுத்தத் தலைகீழாத்தான் செதுக்கும்."

இந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் அழுத்தினேன். இதோ, சிவப்பாக இருக்கிறது. ஓர் எழுத்து. கோடு பிசகாமல், அச்சில் வந்ததுபோல. கார்ட்டோஃபலின் முதல் எழுத்து.

பாவி மனுஷன். அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டும் என்னைத் திருத்துகிறார்.

நான் அழவில்லை. ஃபெய்கே அழுதாள் என்று நான் சொல்வேன், நான் அழுதேன் என்று அவள் சொல்வாள்.

ஜூன் 6, திங்கள்

நாளை ஜன்னல் திறக்கும். நாலு கிழங்கு அவித்தாயிற்று. ஐந்தாவதை அவிக்கவில்லை. வெட்டி, துருவில்லாத கத்தியால், காலையிலிருந்து செதுக்கினேன். என்னுடையது கோணல்தான், ஐந்தாம் வகுப்புக் கோணல். தலைகீழாகச் செதுக்க வேண்டும் என்பது இரண்டு கிழங்கு வீணான பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் எழுத்து, புல்பேயின் முதல் எழுத்து.

உள்ளே வைத்துத் தைத்த பொட்டலம் வாசலில் இருக்கிறது. பயம் போகவில்லை, கை இப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்தி வழுக்கவில்லை.

பைக்குள் என்ன என்று கேட்பான். என் மொழியிலேயே சொல்வேன், புல்பே என்று.